பின்னட்டையில் இருந்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரே ஒரு சுரம் வாசிக்கிறேன். கேளுங்கள்.

(டபுள் பேஸின் கீழ்த் தந்தி ஒருமுறை மீட்டப்படுகிறது.)

எனக்கு இங்கே காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. உங்களுக்கு வீட்டில் ஒரு மெல்லிய ‘டும்’ கேட்டிருக்கும். டபுள் பேஸ் என்பது நின்றுகொண்டு வாசிக்கும், ஆளுயர வயலின் போன்ற வாத்தியம். இது அதன் ஆகக் கீழே இருக்கும் சுரம், மேற்கத்திய இசையில் ஈ என்பார்கள், நொடிக்கு 41 அதிர்வு. கைக்கு அடக்கமான ரேடியோவின் ஒலிபெருக்கியால் அந்த 41 அதிர்வை வெளியே தள்ளவே முடியாது. 82, 123, 164 என்று ஏறிப்போகும் அதன் மடங்குகளில் மேலே உள்ளவைதான் உங்கள் அறைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அடியில் இருக்க வேண்டிய சுரத்தை உங்கள் காது தானாகக் கட்டிக்கொண்டது. வராத ஒன்றைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

பேஸ் வாசிப்பவர்களின் பிழைப்பே இப்படித்தான். இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் ‘ஏதோ குறைகிறதே’ என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த ‘ஏதோ’வைக் கேட்கக் கற்றுக்கொண்டால்தான் நல்ல பேஸ் எது என்று தேர்ந்தெடுக்க முடியும். நான் அதைக் கற்றுக்கொண்ட இடம் இசைத்தட்டுக் கடை. ஆகவே, மூடப்பட்டுக்கொண்டே போகும் இசைத்தட்டுக் கடைகளைப் பற்றியும், பேஸ் வாங்குவதைப் பற்றியும் ஒரே உரையில் பேசச் சம்மதித்தேன். என் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை.

எனக்குப் பதினேழு வயது. வீட்டில் ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயர், அதோடு ஒட்டிய சின்ன ஒலிபெருக்கி. பேஸ் வாசிக்க ஆசை வந்துவிட்டது. இசைத்தட்டைப் போட்டுக் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்தாலும் பேஸ் மட்டும் பிடிபடவில்லை. கொம்பு வாத்தியங்கள் கேட்கின்றன, பியானோ கேட்கிறது. அடியில் ஏதோ உருளுகிறது, அவ்வளவுதான். ஒரு நாள் கை தவறி வேகம் 33-இலிருந்து 45-க்குப் போய்விட்டது. பாடல் ஓட்டமாய் ஓடியது. ஆனால் அந்த ஓட்டத்தில், அதுவரை உருளலாக இருந்தது சுரம் சுரமாகப் பிரிந்து கேட்டது! எல்லாமே மேலே ஏறியதால் அந்தச் சின்ன ஒலிபெருக்கியின் எல்லைக்குள் பேஸ் வந்துவிட்டது.

இதில் இன்னொரு அழகு உண்டு. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. நெடுந்தட்டு, அதாவது எல்.பி., நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும். 45-ஐ அதனால் வகுத்தால் 1.35. சுரம் அந்த அளவுக்கு ஏறும். சட்ஜத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு உள்ள தூரம் மூன்றுக்கு நான்கு, அதாவது 1.33. கிட்டத்தட்ட அதேதான். பேஸின் நான்கு தந்திகளும் எப்படிச் சுருதி சேர்க்கப்படுகின்றன? ஈ, ஏ, டி, ஜி. ஒவ்வொன்றும் முந்தையதற்கு அதே ச–ம தூரத்தில். ஆக, தட்டில் ஒருவர் ஈ தந்தியில் வாசித்ததை, 45-இல் ஓடவிட்டு நான் ஏ தந்தியில் அதே விரல் வைப்பில் வாசிக்கலாம். கை அப்படியே இருக்கும், தந்தி மட்டும் ஒன்று தள்ளிப் போகும். ஒரு அரைச்சுரத்தின் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் மிஞ்சும்; அதற்கு வாத்தியத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொள்வேன். கணக்கெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த வயதில் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.

ஏற்றிக் கட்டுவது என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவின் புகழ்பெற்ற 1959 இசைத்தட்டு, பேஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ். ஒலிப்பதிவின்போது நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது, முதல் பக்கத்துப் பாடல்கள் முழுவதும் அசல் சுருதியைவிட ஒரு பொடி ஏறியே வெளிவந்தன. 1990-களில்தான் திருத்தினார்கள். அதுவரை அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய பேஸ்காரர்கள் எல்லோரும் வாத்தியத்தை ஏற்றிக் கட்டியவர்கள்தான். சேம்பர்ஸின் கையில் அந்தச் சுருதி இல்லை, தட்டில் இருந்தது.

சரி, கடைக்கு வருகிறேன்.

அந்தக் கடைக்காரருக்கு நான் பேஸ் பழகுவது தெரியும். ஒரு நாள் நான் ஒரு தட்டின் முன்னட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, “படத்தைப் பார்த்து வாங்காதே தம்பி, பின்னாடி திருப்பு” என்றார். பின்னட்டையில் பொடி எழுத்தில் பெயர்கள். யார் பியானோ, யார் டிரம்ஸ், யார் பேஸ். “பேஸ்காரர் பேரைப் பிடிச்சுக்கோ. அதே பேர் எந்தெந்தத் தட்டுல வருதுன்னு தேடு.” அன்று முழுக்க அடுக்கு அடுக்காகத் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைகளில் தட்டுகளைக் குழுத் தலைவரின் பெயர்ப்படிதான் அடுக்குவார்கள். பேஸ்காரர்களின் வரிசை அந்தக் கடைக்காரரின் தலைக்குள் இருந்தது. ரே பிரவுன் என்றால் எந்தப் பெட்டி, ரான் கார்ட்டர் என்றால் எந்தப் பெட்டி என்று எழுந்திருக்காமலே கை காட்டுவார்.

அவர் போட்டுக் காட்டிய ஒரு பழைய பதிவு, ஜிம்மி பிளான்டன் பேஸ், டியூக் எலிங்டன் பியானோ, இருவர் மட்டும். பிளான்டன் 1939-இல் எலிங்டன் குழுவில் சேர்ந்தார், 1942-இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 23. அந்தக் குழுவில் இரண்டு ஆண்டுகள்தான் வாசித்தார். அதற்குள் பேஸ் என்றால் பின்னால் நின்று தாளம் காட்டுவது என்ற எண்ணத்தை மாற்றி, மற்ற வாத்தியங்களோடு சமமாகப் பேச வைத்துவிட்டார். பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் அரக்குத் தட்டுகளில் பதிவானவை அவை. கடைக்காரர் அதைப் போட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் அப்படிக் கேட்கும்போது நாமும் வேறு மாதிரி கேட்கிறோம். அந்த மாதிரி நான் தனியாக வீட்டில் கேட்டதே இல்லை.

பின்னட்டையைத்தான் நான் முக்கியமாக இழந்ததாக நினைக்கிறேன். இப்போது ஒரு பாடலைக் கேட்கிறோம், பாடியவர் பெயர் வருகிறது, சில வேளை இசையமைத்தவர் பெயரும் வருகிறது. பேஸ் வாசித்தவர் யார்? தேடிப் பாருங்கள். பல பாடல்களுக்கு இருக்காது. இருந்தாலும் மூன்று நான்கு இடம் தட்டிப் போனால்தான் கிடைக்கும். அன்று அட்டையைத் திருப்பினால் போதும்.

கடைகள் எப்படிப் போயின என்பது உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். நெடுந்தட்டு வந்தது 1948-இல், குறுந்தட்டு 1982-இல். 1999-இல் நாப்ஸ்டர் வந்து பாட்டைக் கணினிக்குக் கணினி இலவசமாகக் கைமாற்றிவிட்டது. 2003-இல் ஐடியூன்ஸ் இணையக் கடை ஒற்றைப் பாட்டாக விற்கத் தொடங்கியது. உலகெங்கும் பெயர் பெற்ற டவர் ரெக்கார்ட்ஸ் 2006-இல் அமெரிக்காவில் தன் கடைகளை மூடியது. பிறகு நெடுந்தட்டுக்கு மறுபிறவி வந்தது உண்மைதான். 2008 முதல் ஆண்டுதோறும் இசைத்தட்டுக் கடை நாள் கொண்டாடுகிறார்கள். 2020-இல் அமெரிக்காவில் நெடுந்தட்டின் வருமானம் குறுந்தட்டைத் தாண்டியது. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தட்டு திரும்பி வந்த அளவுக்குக் கடை திரும்பி வரவில்லை. தட்டைத் தபாலில் வரவழைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒருவரை வரவழைக்க முடியுமா?

முடியாது என்பதை எனக்கு ஒரு பேஸ்தான் கற்றுக்கொடுத்தது. நான் முதல் டபுள் பேஸை வெறும் படத்தைப் பார்த்து வாங்கினேன். அருகில் எந்தக் கடையும் இல்லாத நேரம். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்து சேர்ந்ததும் மீட்டினேன், உள்ளிருந்து ஒரு சலசலப்பு. முகப்பலகையில், தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்கு அருகே, மெருகுக்கு அடியில் மெல்லிய வெடிப்பு. அதற்கு நேர் கீழே, வாத்தியத்துக்கு உள்ளே, முகப்பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில் ஒரு மரக்குச்சி நிற்கிறது. வயலினிலும் இது உண்டு. எதையும் வைத்து ஒட்டாமல், தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்கும் குச்சி. அதன் மேல் விழும் வெடிப்பு சாதாரணம் இல்லை; முகப்பலகையையே கழற்றி உள்ளே மரத்துண்டு வைத்துச் சரிசெய்ய வேண்டும். விற்றவர் வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு ஆண்டு முழுவதும் நான் இரவல் வாத்தியத்தில் வாசித்தேன். மனம் மிகவும் நொந்துபோயிருந்தேன்.

அதன் பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன், கேட்காமல் வாங்குவதில்லை. கேட்பதற்கு இரண்டு பேர் வேண்டும். பேஸ் கட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கேட்பது ஒன்று, அறையின் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்பது வேறு. வாத்தியத்தின் துளைகள் வாசிப்பவரைப் பார்த்து இல்லை, எதிரே பார்த்து இருக்கின்றன. அந்தக் கீழ் ஈயின் அலை ஒன்று எட்டு மீட்டருக்கு மேல் நீளம். ஆகவே நண்பரை அழைத்துப் போங்கள். அவர் வாசிக்கட்டும், நீங்கள் தள்ளிப் போய்க் கேளுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

என்ன வாசிப்பது? வித்தை காட்ட வேண்டாம். ஒவ்வொரு தந்தியிலும் அரைச்சுரம் அரைச்சுரமாக, மெதுவாக, அடியிலிருந்து மேலே போங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவு நிற்கிறதா? ஏதாவது ஒன்று சட்டென்று செத்துவிடுகிறதா? வில் போட்டால் ஏதாவது ஒன்று திக்கித் திணறி உறுமுகிறதா? அதை வுல்ஃப் என்பார்கள். நல்ல வாத்தியத்திலும் ஒன்று இருக்கலாம், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பிறகு விரல் மடக்கி ஓரங்களைச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். ஒட்டு விட்ட இடம் சத்தத்திலேயே தெரியும். ஒட்டு விடுவதற்காகப் பயப்பட வேண்டாம். மரம் வெடிப்பதற்குப் பதில் ஒட்டு விடட்டும் என்றுதான் அந்தப் பசையைப் போடுகிறார்கள், திரும்ப ஒட்டிவிடலாம். குதிரைக்கு அடியில் வெடிப்பு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிளைவுட்டா, முழு மரத்தைச் செதுக்கியதா என்று எல்லோரும் கேட்பார்கள். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மர முகப்புக்கு நாதம் அதிகம், வயது ஏற ஏற இன்னும் திறக்கும் என்பார்கள். ஆனால் காற்று வறண்டால் வெடிக்கும், அதைக் குழந்தை போல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளைவுட் அடி தாங்கும், வெளியே எடுத்துப் போகலாம், விரலால் மீட்டினால் நல்ல ‘தும்’ உண்டு. வில்லுக்குத்தான் சற்று ஊமை. முகப்பு மட்டும் செதுக்கி, மற்றதைப் பிளைவுட்டில் செய்ததும் கிடைக்கிறது. முதல் வாத்தியத்துக்கு நல்ல பிளைவுட்டையே நான் சொல்வேன். மோசமாகச் செதுக்கியதைவிட அது எவ்வளவோ மேல். அளவு பற்றிக் கவலை வேண்டாம், முக்கால் அளவு என்பதுதான் பெரும்பாலோர் வாசிப்பது. தந்தி நீளம் 105 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தந்தி விரல்பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விரல் வலித்தால் வாத்தியம் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குதிரையைச் சரிசெய்தால் அதே வாத்தியம் வேறொன்றாகிவிடும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அக்கூஸ்டிக் பேஸ் கிட்டாரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டே வரி. 1970-களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது, மடியில் வைத்து வாசிக்கலாம், வீட்டில் பழக அருமை. ஆனால் அந்த உடம்பு 41 அதிர்வுக்குச் சின்னது, இரண்டு கிட்டாரோடு சேர்ந்தாலே மூழ்கிப்போகும். பிக்கப், அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் கருவி, போட்டுப் பெருக்கி வாசிக்கப் போகிறீர்கள் என்றால், கடையில் பெருக்கியோடும் கேளுங்கள், இல்லாமலும் கேளுங்கள்.

தந்திகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்று மட்டும். டபுள் பேஸ் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுத் தந்தி மாட்டும்போது, நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடாதீர்கள். அழுத்தம் போனால் உள்ளே நிற்கும் அந்தக் குச்சி விழுந்துவிடும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, சுருதி சேர்த்துவிட்டு, அடுத்ததைத் தொடுங்கள்.

வணக்கம்.