பின்வரிசை மாணவர்களுக்கும் சேர்த்து

நேயர்களுக்கு வணக்கம். ஹெச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) என்பது உடலுறவு வழியாகப் பரவும் ஒரு வைரஸ். மாணவர்களிடம் அதற்கான தடுப்பூசி பற்றிப் பேசப் போனால், "அது பெண்களுக்கான ஊசிதானே டாக்டர்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். உடனே பின்வரிசைப் பையன்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். இன்று அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருகிறது. 2022-ல் மட்டும் உலகில் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் அந்த நோய்க்குப் பலியானார்கள். அதே வைரஸ் ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆஸ்திரேலியா 2013-லேயே பள்ளிப் பையன்களையும் தன் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

தகவல் தெரியாதது பாதிச் சிக்கல்தான். ஒருமுறை கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னேன். நான்காக மடித்த ஒரு தாளில், "இந்த ஊசி போட்டால் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்களா?" என்று இருந்தது. கூட்டத்தில் வாய்விட்டு யாரும் கேட்காத கேள்வி அது. அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தாம்பத்திய உறவில் ஈடுபடும் மனிதர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்துபோகும். ஒரே துணையோடு வாழ்பவருக்கும் வரலாம். இதில் ஒழுக்கத்தை அளக்க எதுவுமே இல்லை. தொற்றுக்கு முன்னால் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். அதனால்தான் 9 வயதிலிருந்தே போடுகிறார்கள்.

அப்படியானால் கல்லூரி வயதில் காலம் கடந்துவிட்டதா? இல்லை. பல நாடுகள் 26 வயது வரை பரிந்துரைக்கின்றன. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. ஏற்கெனவே ஒரு வகை தொற்றியிருந்தாலும், தொற்றாத மற்ற வகைகளிலிருந்து ஊசி காக்கும். ஆனால் உடலில் உள்ள தொற்றை அது குணப்படுத்தாது. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டுமே இருக்கிறது. ஊசியாலேயே நோய் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு தவணை, 21-ஐக் கடந்தவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை என்பது உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கூடுதல் தவணை தேவைப்படும். கர்ப்பிணிகள் பிரசவம் வரை தள்ளிப்போடலாம். ஊசி போட்ட பெண்களும் உரிய வயதில் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும், ஏனெனில் எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

ஊசி போட்டதும் எழுந்து ஓடிவிடாதீர்கள். இளவயதினர் சிலருக்கு மயக்கம் வருவதுண்டு. கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.