பார்டர் சுகர்

நேயர்களுக்கு வணக்கம். "எனக்கு சுகர் இல்லை டாக்டர், பார்டர்தான்." என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. சொல்லும்போது, முப்பத்தைந்து மார்க் வாங்கித் தப்பித்த பையனின் நிம்மதி முகத்தில் தெரியும்.

வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் பார்டர். 126-ஐத் தொட்டால் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் துணையோடு நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-இல் வெளியானது. நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். பார்டரில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. புதுச்சேரியில் நாலில் ஒருவருக்கு மேல்!

சரி, பார்டரில் நிற்பவர்கள் சும்மா இருந்தால் என்ன ஆகும்? அதற்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் பார்டரில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சாப்பாட்டை மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இன்னொரு குழுவுக்கு, நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். பலன் ஏறக்குறைய அதேதான். நடையையும் மாத்திரையையும் சேர்த்தபோதும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நடை என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு, வாசலில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே ரெண்டு வடை. நடந்த கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன் உட்காராமல் பத்து நிமிடம் தெருவில் நடங்கள். அப்போது ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கால் தசைகள் இழுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருப்பதுதான் நம் சிக்கல். சோற்றை விட்டுவிட்டேன் என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதில் பலன் இல்லை. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். சோற்றைக் குறையுங்கள்; காயையும் பருப்பையும் சுண்டலையும் கூட்டுங்கள்.

இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். அதைத்தான் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்கிறோமே!

அப்புறம், கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள். பிரசவம் ஆனதும் அது இறங்கிவிடும், வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பின்னாளில் அது நீரிழிவாகத் திரும்பி வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போவீர்கள் இல்லையா? அன்றைக்கே அம்மாவுக்கும் சர்க்கரைப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். வணக்கம்.