பீப்பாய் ஆலையில் ஒரு சனிக்கிழமை

தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் ஐயா அவர்களே, பேருந்து தாமதமாகியும் வந்து சேர்ந்துவிட்ட தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்த தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டும் இதே மேடையில் என்னைப் பேச வைத்தீர்கள். அந்த நன்றிக்கடனே இன்னும் தீரவில்லை.

லீனா போ பார்டி என்ற கட்டடக் கலைஞரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவர் கட்டிய வீடு, கட்டிய அருங்காட்சியகம், இடிக்காமல் விட்ட ஆலை.

1914இல் ரோமில் பிறந்தவர். மிலான் நகரில் இருந்த அவருடைய அலுவலகம் போரின்போது குண்டுவீச்சில் அழிந்தது. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பார்கள் நம் பெரியவர்கள். 1946இல் கல்யாணம் பண்ணிய கையோடு பிரேசிலுக்குக் கப்பலேறி, 1951இல் சாவோ பாவ்லோவில் தமக்கொரு கண்ணாடி வீட்டையும் கட்டிப் பார்த்துவிட்டார் இந்த அம்மா! 1968இல் திறந்த அருங்காட்சியகமோ, 74 மீட்டர் நீளத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

சரி, ஆலைக்கு வருகிறேன். அதே ஊரில் பொம்பேயா பகுதியில் ஒரு பழைய இரும்புப் பீப்பாய் ஆலை. மூடிக் கிடந்தது. அதைப் பொழுதுபோக்கு மையமாக்கும் வேலை 1970களில் லீனாவிடம் வந்தது. முதல் தடவை போனபோது அவர் கண்ணில் பட்டது கட்டடம் மட்டும்தான். இரண்டாம் தடவை போனது ஒரு சனிக்கிழமை. உள்ளே என்ன பார்த்தார் தெரியுமா? பிள்ளைகள் ஓடுகிறார்கள். உடைந்த கூரை வழியாக மழை கொட்டுகிறது, அதற்குள் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். பந்து தண்ணீரில் விழுந்தால் ஒரே சிரிப்பு! வாசலில் தாய்மார்கள் இறைச்சி சுடுகிறார்கள். பக்கத்தில் பொம்மலாட்டம், அங்கேயும் குழந்தைகள் கூட்டம். இந்த மகிழ்ச்சி இப்படியே தொடர வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தார். செங்கல் சுவர்கள் பிழைத்தன. ஆலைக்குள்ளேயே அலுவலகம் போட்டு வருடக்கணக்கில் வேலை பார்த்தார். இன்று அங்கே நூலகம் இருக்கிறது, நாடக அரங்கு இருக்கிறது.

வீட்டைக் கட்டிப்பார் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். இடித்துப்பார் என்று எவரும் சொல்லவில்லை. நம் ஊரில் மூடிக் கிடக்கும் பஞ்சாலையை இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதன் மதிலோரம் நம் பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடுவதை நீங்களே பார்க்கிறீர்கள். அதை நூலகமாக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். நோட்டு வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.