தூக்குபவனும் எழும்புபவளும்

நேயர்களுக்கு வணக்கம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியிருப்பீர்கள். விழித்திருக்கையில் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்த அதே குழந்தைதான், தூங்கிவிட்டால் கனக்கிறது. பாலே என்னும் மேலைநாட்டு மேடை நடனத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஜோடி நடன ஒத்திகை பெரும்பாலும் இந்தக் கனத்தோடு நடக்கும் போராட்டம்தான்.

ஆண் தூக்குகிறான் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் முதலில் எழும்புவது பெண். முழங்காலை மடக்கி, தரையை உதைத்து எழும்புகிறாள். அந்த வேகம் அடங்குவதற்குள் அவன் கை சேர்ந்துவிட வேண்டும். முந்தினால் முழு எடையும் அவன் முதுகில் இறங்கும். பிந்தினால் அவள் கீழே வரத் தொடங்கியிருப்பாள். அதனால் நடன அமைப்பாளர் முதலில் தூக்கவே விடமாட்டார். இருவரும் ஒன்றாக மூச்சிழுத்து ஒன்றாக முழங்கால் மடக்க வேண்டும். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. திரும்பவும் சொல்கிறேன், எழும்புவது அவள்.

நடன அமைப்பாளர் கென்னத் மக்மில்லனின் 'ரோமியோ ஜூலியட்' பாலே பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். லண்டன் ராயல் பாலே குழுவுக்காக, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபீவின் இசைக்கு அமைத்தது. அக்குழுவின் லின் சீமோர், கிறிஸ்டோபர் கேபிள் இருவரையும் ஆடவைத்து ஆடவைத்தே நாயகன் நாயகி நடனங்களை உருவாக்கினார். 1965 பிப்ரவரி 9 அன்று முதல் மேடை ஏறியவர்களோ பெரும் நட்சத்திரங்களான மார்கோ ஃபான்டெய்னும் நூரியேவும். அந்த இரவு சீமோருக்கும் கேபிளுக்கும் உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் கல்லறைக் காட்சியில், இறந்துவிட்டதாக ரோமியோ நம்பும் ஜூலியட்டை அள்ளியெடுத்து, முன்பு ஆடியதையே மறுபடி ஆடப் பார்க்கிறான். உடல் பதில் சொல்வதில்லை. இங்கே அவள் எழும்பவே கூடாது! தலை தொங்க வேண்டும், கை துவள வேண்டும். ஆனால் வயிறும் முதுகும் இறுகியிருக்க வேண்டும். நிஜமாகவே தளர்ந்துவிட்டால் அக்குள் வழியே நழுவுவாள். அவனுக்கும் முதுகு பிடித்துக்கொள்ளும். எதிரே அமர்ந்து பார்க்கும் அமைப்பாளர் அவள் விரல்களைத்தான் கவனிக்க வேண்டும். உள்ளே இறுக்கிய இறுக்கம் விரல் நுனிக்கு வந்துவிட்டால் பிணம் உயிர்பெற்றுவிடும்.

சுழற்சி பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுழலும் பெண்ணின் இடுப்பை அவன் இறுக்கிப் பிடித்தால் சுற்று நின்றுவிடும். உள்ளங்கைக்குள் அவள் வழுக்கிச் சுழல வேண்டும். ரொம்பப் பக்கத்தில் நின்றால் மடக்கிய முழங்கால் அவன்மேல் இடிக்கும். இன்னொன்று, மேடை உடையை முன்கூட்டியே ஒருநாள் உடுத்தி ஆடிப்பார்க்க வேண்டும். பருத்தியில் பழகிய பிடி பட்டில் வழுக்கும். வணக்கம்.