கல்லை வாசித்த குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்வெட்டு என்றதும் வாய் பேசாத ஒரு பாறைதான் நம் நினைவுக்கு வருகிறது. அதை வெட்டவைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒடிசாவில் புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் தவுளி என்ற ஊர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் அங்கே ஒரு பாறையில் தோசலி நகர அதிகாரிகளுக்குக் கட்டளை பொறித்தார். காரணமில்லாமல் யாரையும் சிறைப்படுத்தக் கூடாது, வதைக்கக் கூடாது என்கிறது அது. அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது: இந்த எழுத்தைத் திஷ்ய நாள்தோறும், அதாவது நம்முடைய பூச நட்சத்திரத்தன்று, கேட்கவேண்டும், இடைப்பட்ட நாள்களிலும் வாய்ப்பு வரும்போது கேட்கவேண்டும், ஒரே ஒருவராக இருந்தாலும். கல்லில் உள்ள பிராகிருதச் சொல் 'சோதவியா'. படிக்கவேண்டும் என்பதல்ல, கேட்கவேண்டும் என்பதே அதன் பொருள். வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதியைப் பலரும் மேடையில் சொல்வார்கள். அந்த ஊர்ச் சபை பிராமணர் சபை. நிலமும் சொந்த வீடும் உள்ளவர்களே அதில் வரமுடியும். இன்றைய தேர்தலோடு அதைச் சமமாக வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

என்னை இழுப்பது வேறொரு பகுதி. ஊரின் முப்பது குடும்புகளுக்கும், அதாவது பகுதிகளுக்கும், பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழுகின்றன. கூடியிருக்கும் நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில், மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! பிறகு அவர் வாசிக்கிறார். அவர் வாசித்த அதே ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கிறார்கள். ஒருவர் மாற்றிப் படித்தால் அடுத்தவர் வாயில் அகப்பட்டுவிடும். எழுத்தை அவர்கள் நம்பினார்கள். அதை ஒருவர் மட்டும் படிப்பதை நம்பவில்லை.

திருப்பணி என்று சொல்லிக் கோயில் சுவர்களில் மணலை வீசியடித்தும், வண்ணம் பூசியும் எழுத்தைக் கெடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தேய்ந்துபோன வரியை எவர் வந்தாலும் வாசிக்க முடியாது. தயவுசெய்து உங்கள் ஊர்க் கோயிலில் வேலை நடந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றில் முதலாம் இராசராசன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. தளிச்சேரி என்றால் கோயிலைச் சார்ந்த குடியிருப்புத் தெரு. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, பங்கு ஒன்று என்று முடிகிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் விரும்பி வந்தார்களா, ஊரை விட்டதற்காக அழுதார்களா என்பதற்குக் கல்லில் இடமில்லை. ஆனால் பெயரும் வீடும் பங்கும் வெளிச்சுவரில் இருக்கும்போது, நெல் அளப்பவர் 'நீ யார்?' என்று கேட்க முடியாது.

தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. திருவையாற்று ஓலோகமாதேவி ஈசுவரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்குப் பங்கு ஒன்று.

நன்றி, வணக்கம்.