சோளகமும் நுரைச்சோலையும்

வன்னி நேயர்களுக்கு வணக்கம்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளுக்கும் அறுவடைக் காலம். மொத்தம் 103.5 மெகாவாட். அதே காற்றில் தெற்கே, நிலக்கரி மின்நிலையம் இருக்கும் நுரைச்சோலையில் கடல் கொந்தளிக்கும், கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. அதனால் அந்த மாதங்களுக்கு வேண்டிய கரியை முன்னரே கொண்டுவந்து முற்றத்தில் மலையாய்க் குவிக்கிறார்கள். குவியலுக்குள் காற்றுப் புகுந்தால் கரி தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கும். ஆகவே புல்டோசர் ஏற்றி அமத்தி இறுக்க வேண்டும்.

நுரைச்சோலையில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. ஒன்று முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 2,700 தொன்னுக்குக் குறையாமல் கரி தின்னும். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் கரி எரிகிறது. ஒரு கிலோவுக்குக் கிட்டிய காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. கரியைவிடக் கழிவு எடை கூடுவது எப்படி? எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்கிறது.

‘சுத்தமான நிலக்கரி’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். புகைபோக்கி வடிகட்டி சாம்பலைப் பிடிக்கும், கடல்நீர்க் கழுவல் கந்தகத்தைப் பிடிக்கும். பக்கத்து ஊரவரின் நெஞ்சுக்கு அது நல்லது. காபன் தப்பிவிடும். அதையும் பிடிக்கலாம்தான், ஆனால் நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்திலொன்றை அந்த வேலையே விழுங்கும்.

அப்படியானால் நாளைக்கே மூடலாமா? அங்கேதான் சிக்கல். நிலையத்தின் சுழலி நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் பாரமான இரும்பு. எங்கோ ஒரு மின்வழி அறுந்தால், மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் சில விநாடி தாங்குவது அந்தப் பாரம்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு நண்பகல். தேவை குறைவு, கூரைச் சோலர் உச்சத்தில், சுழலும் இரும்பு கொஞ்சம். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. நுரைச்சோலையும் நின்றது. நின்ற கொதிகலனை அவசரப்பட்டு எழுப்பவும் முடியாது. தடித்த உலோகம் ஒரேயடியாகச் சூடேறினால் வெடிப்புக் காணும். மின்வெட்டு நாட்கணக்கில் இழுத்ததற்கு அதுவும் காரணம்.

மறுபக்கம், கரி இயந்திரத்தை நினைத்தபடி குறைக்கவும் முடியாது. மாவாக அரைத்து ஊதும் கரி அளவுக்கு மீறிக் குறைந்தால் சுவாலை தள்ளாடும், எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டும். அதனால் நண்பகலில் சூரியனை நிறுத்துகிறோம்! 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும்.

திருகோணமலைச் சம்பூரில் கட்டவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் இலங்கை உறுதி கொடுத்தது. இருப்பதை ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்ப, பற்றரியும் அதிர்வெண்ணைத் தாங்கும் கருவிகளும் முதலில் வர வேண்டும். பூநகரியில் எத்தனை காற்றாலை நட்டாலும் இந்தக் கருவிகள் இல்லாமல் கரி விலகாது.

தோட்டக்காரருக்கு ஒரு வேலை உண்டு. ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிற் இழுக்கும். அதைப் பின்னேரம் ஆறரைக்குப் போட்டால் கரியும் எண்ணெயும் கூடுதலாய் எரியக்கூடும். சூரிய மின்சாரம் மிஞ்சும் நண்பகலில் தொட்டியை நிரப்புங்கள், வெயில் தாழச் சொட்டுக்குழாயில் விடுங்கள். உச்சி வெயிலில் நேரே பாத்திக்கு இறைத்தால் நீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். தொட்டி வாயில் வடிகட்டி கட்டாயம், இல்லாவிட்டால் மணலும் பாசியும் சொட்டுக்குழாயின் துளைகளை அடைக்கும். நேரவாரிக் கட்டண மீற்றர் இல்லாதவருக்கு இதனால் பில் குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.