ஆழ உழு, மரத்தைத் தொடாதே

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் மறந்துபோன ஓரிரு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றி வைத்த டத்தோ அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் இதுவரை கடிகாரத்தைப் பார்க்காத சட்டமன்ற உறுப்பினரின் பிரதிநிதி அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் எனக்குப் பொன்னாடை போர்த்திய மகளிர் பிரிவினரே, வடை எப்போது வரும் என்று பின்வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம். யார் பெயராவது விட்டுப் போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு இதே மேடையில் நான் விட்டுவிட்ட ஒருவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் இன்றும் வந்திருக்கிறார். அவருக்குத் தனி வணக்கம்.

புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வாசிப்பது, வாசித்ததைப் பற்றி எப்படிப் பேசுவது, கைப்பேசியில் வாசிப்பது நல்லதா கெட்டதா என்று நான்கு செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்தது முப்பது நிமிடம். அதில் ஐந்து வணக்கத்திலேயே போய்விட்டது.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்பது என் பழமொழி. என் வகுப்பில் படித்தவர்களுக்கு இது காது புளித்துப்போன சொல். ஆனால் நாம் நெல் வயலில் பிறந்தவர்களா? கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். என் அம்மா நாலரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போனவர். அவரிடம் ஒருநாள் இந்தப் பழமொழியைப் பெருமையாகச் சொன்னேன். "உழுகிறவனுக்கு அது சரி. ஆழ வெட்டினால் கங்காணி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்" என்றார். பால் வெட்டும் கத்தியைப் பட்டையில் வைத்து இழுத்தால் ஒரு சீவல் சுருண்டு விழ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வடியும் மங்கு நிறையாது. ஆழமாகப் போனால் கத்தி கட்டையைத் தொட்டுவிடும். புதுப்பட்டை அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது. கங்காணி வந்து அந்தக் காயத்தில் விரலை வைத்துப் பார்ப்பாராம். அன்றிலிருந்து என் பழமொழிக்கு ஒரு வால் முளைத்தது: ஆழ உழு, ஆனால் மரத்தைத் தொடாதே. இந்த வால் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் தேர்வு. சென்னையில் 1977 முதல் புத்தகக் கண்காட்சி நடந்து வருகிறது. முடிந்த ஆண்டுகளில் ஜனவரி மாதம் போய்விடுவேன். திரும்பும்போது விமானத்தில் எனக்கு முப்பது கிலோதான். ஒருமுறை விடுதி அறையில் தொங்கு தராசில் பெட்டியை மாட்டினால் முப்பத்தாறு கிலோ. ஆறு கிலோ புத்தகத்தைக் கட்டிலில் எடுத்துப் போட வேண்டும். தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று அந்த இரவுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கடையில் அட்டையைப் பார்த்தோ, பின்னட்டைப் புகழ்ச்சியைப் பார்த்தோ வாங்கியதெல்லாம் முதலில் கட்டிலுக்குப் போயின. கடையில் நின்றபடியே நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு பத்தி படித்து, "அடுத்து என்ன?" என்று மனம் கேட்டதால் வாங்கியவை பெட்டியிலேயே இருந்தன. அதனால் முதல் பக்கத்தை நம்பாதீர்கள். எழுத்தாளன் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்காகக் கூட்டிப் பெருக்கி வைத்த திண்ணை அது. நடுவீட்டைப் பாருங்கள்.

பழைய புத்தகம்தான் நல்லது என்று ஒரு கட்சி, புதியதுதான் புத்தகம் என்று ஒரு கட்சி. இந்த வழக்கை உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் என்றோ முடித்துவிட்டார். "தொன்மையவாம் எனும் எவையும் நன்றாகா; இன்று தோன்றிய நூல் எனும் எவையும் தீதாகா." சைவ சித்தாந்தப் பெரியவர், தம் நூலின் முகப்பிலேயே வாசகனிடம் இப்படிச் சொல்கிறார். ஆலயத் தலைவர் தலையசைக்கிறார், மகிழ்ச்சி.

அடுத்து வாசிப்பு. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவர்களை வகைப்படுத்தினார்: "அன்னம் ஆவே மண்ணொடு கிளியே, இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி." மாணவர் என்ற இடத்தில் வாசகர் என்று போட்டுப் பாருங்கள். ஆடு ஒரு செடியிலும் வயிறு நிறைய மேயாது. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். இரவில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகும் நம் கட்டைவிரல் அந்த ஆடு. எருமை குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுக் குடிக்கும். புத்தகத்தைப் படிக்காமலேயே எழுத்தாளரின் சாதியையும் கட்சியையும் விசாரிக்கிறவர் அவர். நெய்யரி என்னும் வடிகட்டி நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முந்நூறு பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்து அதையே ஊர் முழுக்கச் சொல்கிறவர். நானும் பல ஆண்டுகள் நெய்யரியாக இருந்தவன்தான். ஆசிரியர் வேலை அப்படிப் பழக்கிவிடும்.

அதே நன்னூல் இரண்டு முறை கேட்டால் நூலில் பிழைபாடு இராது, மூன்று முறை கேட்டால் பிறருக்கு முறையறிந்து உரைக்கலாம் என்கிறது. மூன்று முறையா என்று மலைக்காதீர்கள். நம் ஊரின் பெயரே நத்தை ஆறு. சிப்புட் என்றால் மலாயில் நத்தைதானே? மெதுவாகப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? அகல உழுவதை விட ஆழ உழு.

மூன்றாவது, வாசித்ததைப் பேசுவது. இதற்கு ஒரு கதை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பத்து வயது. எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மா வார இதழில் வந்த ஒரு தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, சிமெண்டுப் பையின் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். அது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தது. பெரியவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. குரல் நன்றாக இருக்கிறது என்று என்னை மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம், கூலி ஒரு துண்டு வெல்லம். கொடுமைக்காரப் பண்ணையார், அவரிடம் சொத்தைப் பறிகொடுத்த ஏழை இளைஞன், அவனுக்கு வாக்குப்பட்ட ஒரு பெண். இரண்டு மாதம் வாசித்தேன். கடைசி அத்தியாயம் வந்தபோது புரட்டினால் பக்கமே இல்லை. கரையான் தின்றுவிட்டிருந்தது. தைத்த நூல் மட்டும் நிற்கிறது!

அன்றிரவு லயத்தில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் வாளிகளை வைத்துக்கொண்டு வாக்குவாதம். வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொன்னார், பையனுக்குச் சொத்து திரும்பக் கிடைக்கும், வழக்குப் போட்டு ஜெயிப்பான் என்று. என் பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "சொத்து வந்தால் அவனும் பண்ணையார் ஆகிவிடுவான். அந்தப் பெண் ஒரு தையல் மிஷின் வாங்கித் தன் கையால் பிழைக்க வேண்டும்" என்றார். மூன்றாவது லயத்துப் பாட்டி வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "பண்ணையார் பாம்பு கடித்துச் சாவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாம்பு எங்கிருந்து வரும் பாட்டி என்று கேட்டார்கள். "வைக்கோல் போரில் ஒரு பாம்பு வந்ததே, மறந்துவிட்டீர்களா? பெண்ணின் காலடியில் வந்து, ஒன்றும் செய்யாமல் உள்ளே போனது. காரணம் இல்லாமலா அதை எழுதினான்? அது இன்னும் அந்த வைக்கோல் போரில்தான் இருக்கிறது" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்ப் புரட்டினேன். பத்தாவது அத்தியாயத்தில் பாம்பு இருந்தது. வாசித்த எனக்கு நினைவில்லை. கேட்ட பாட்டிக்கு நினைவிருந்தது.

ஆறு மாதம் கழித்து ஈப்போவிலிருந்து வந்த மாமா ஒருவர் அந்தக் கதையைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். லயமே கூடியது. நடுங்கிக்கொண்டே கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். பண்ணையார் திடீரென்று மனம் திருந்திக் காசிக்குப் போகிறார். அந்தப் பெண் அவர் காலில் விழுந்து ஆசி வாங்குகிறாள். சுபம். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பாட்டி எழுந்து சேலையை உதறிக்கொண்டு கேட்டார்: "அந்தப் பாம்புக்கு இவன் என்ன பதில் சொல்கிறான்?"

அதற்குப் பிறகு எத்தனையோ மதிப்புரைகளைப் படித்துவிட்டேன். அந்த ஒரு கேள்விக்கு ஈடாக ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம். பெரியம்மா மறு ஆண்டு நிஜமாகவே ஒரு தையல் மிஷின் வாங்கினார். அந்தத் தீபாவளிக்கு நான் போட்ட சட்டை அதில் தைத்ததுதான்.

இந்த மண்ணில் விமர்சனம் இல்லாமல் இல்லை. 1950-களில் சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் பணியாற்றினார். கூடி உட்கார்ந்து கதைகளை அலசும் பழக்கத்தை இங்கே வளர்த்தவர்களில் அவர் ஒருவர். 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. இப்போது நம்மிடம் மிஞ்சியிருப்பது நூல் வெளியீடு. டத்தோ அவர்கள் கோபிக்கக் கூடாது. அவர் பெரிய மனதோடு முதல் நூலைப் பெற்றுக்கொண்ட வெளியீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அவர் கொடுத்த பணம் இல்லையென்றால் பல எழுத்தாளர்கள் அச்சகக் கடனில் மூழ்கியிருப்பார்கள். ஆனால் நாம் வரிசையில் நின்று, ஐம்பது வெள்ளியை உறையில் போட்டுக் கொடுத்து, நூலை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோமே, அந்த நூலைத் திறக்கிறோமா? எழுத்தாளரிடம் "அருமை" என்கிறோம். மேலாகச் சீவிய பட்டை அது. மங்கில் ஒரு சொட்டு விழாது. இன்னொரு பக்கம், நாலு இளைஞர்கள் சேர்ந்து ஒரு முதல் நூலைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பேனாவைத் தொடுவதில்லை. கத்தி கட்டைக்குப் போய்விட்டது. என் பழமொழியின் வால் இதற்குத்தான். பாட்டி எழுத்தாளரைத் திட்டவில்லை. பாம்பைப் பற்றிக் கேட்டார்.

கைப்பேசி வாசிப்பைப் பற்றிப் பேச நேரமில்லை. ஏனென்றால் நான் உண்மையில் பேச வந்தது ஒரு பூட்டைப் பற்றி.

அந்தப் பாட்டியின் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. லயம் இல்லை. தோட்டத்து வாசகசாலையை மூடியபோது இரண்டு அலமாரிப் புத்தகங்களை லாரியில் ஏற்றி ஒரு மண்டபத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த மண்டபம் என்று சொல்லமாட்டேன். அன்று போட்ட பூட்டு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதுகுகள் தெரிகின்றன. கீழ்த்தட்டில் கரையான் மண் ஏறியிருப்பதும் தெரிகிறது. கேட்டால், "திறந்தால் தொலைந்துவிடும் ஐயா" என்கிறார்கள். தொலையட்டுமே! தொலைந்த புத்தகம் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. பூட்டிய புத்தகம் கரையானின் வீட்டில் இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்பது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகன் என்பவை அடுத்த இரண்டு. வரலாற்றுப் புத்தகங்களில் நம் சுங்கை சிப்புட்டின் பெயர் எதற்காக வருகிறது? 1948 ஜூன் 16, மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதற்காக, மலாயாவில் அவசரகாலம் பிறந்ததற்காக. அதே 1948-இல் ரங்கநாதன் விடாமல் முயன்று சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். இந்த ஊரின் பெயர் ஒரு முறையாவது புத்தகத்துக்காகப் புத்தகத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

நான் கேட்பது பெரிய கட்டடம் கிடையாது. அந்த இரண்டு அலமாரிகளும் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மேசை, நூல் கட்டிய ஒரு பேனா, ஒரு நோட்டுப் புத்தகம். எடுத்துப் போகிறவர் பெயரை எழுதட்டும். திருப்பும்போது ஒரே ஒரு வரி, அந்தப் புத்தகத்திடம் கேட்க விரும்பும் கேள்வியை எழுதட்டும். அவ்வளவுதான். தலைமையாசிரியை அவர்கள் சனிக்கிழமைகளில் மாணவர்களை அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார். மகளிர் பிரிவினர் கரையான் மருந்து தங்கள் செலவு என்று சொல்லிவிட்டார்கள்.

சாவியை வைத்திருந்தவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அது தொலைந்து இரண்டு ஆண்டாகிறது என்று இன்று காலைதான் என்னிடம் சொன்னார். பரவாயில்லை. ஈப்போவிலிருந்து பூட்டு உடைக்கும் தம்பி ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். அதோ, கடைசி வரிசையில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூலி ஐம்பது வெள்ளி. ஓர் உறை போதும், டத்தோ அவர்களே. தலைவர் அனுமதித்தால் தேநீருக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடலாம். வணக்கம்.